புது சைக்கிள் வேண்டாம், ஒரு மெக்கானிக் போதும்: பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கும், மாணவர் நலத் துறைத் தலைவர் அவர்களுக்கும், எஸ்டேட் அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம்.

வளாகத்தின் பொது சைக்கிள் திட்டத்தை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். இரண்டு யோசனைகள் பேசப்படுகின்றனவாம். பிள்ளைகள் யாரும் எடுப்பதில்லை, திட்டத்தையே மூடிவிடலாம் என்பது ஒன்று. இருப்பதையெல்லாம் ஏலத்தில் தள்ளிவிட்டு, ஆப், ஜிபிஎஸ், தானே திறக்கும் பூட்டு வைத்த புது சைக்கிள்களை ஒரு தனியார் கம்பெனி மூலம் இறக்கலாம் என்பது இன்னொன்று. இரண்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். இருக்கிற சைக்கிள்களே போதும். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைப் போடுங்கள். சம்பளத்துக்கு, முழு நேரமாக, கையில் ஸ்பேனரோடு.

நான் இங்கே ஆய்வு மாணவி. விடுதி, ஆய்வுக்கூடம், நூலகம், திரும்ப விடுதி என்று தினமும் சுற்றுகிறவள். சைக்கிள் கிடைத்தால் சைக்கிள், இல்லாவிட்டால் நடை. பெரும்பாலும் நடைதான்.

‘யாரும் எடுப்பதில்லை’ என்ற முடிவுக்கு எப்படி வந்தீர்கள் என்பது புரிகிறது. நூலக வாசல் ஸ்டாண்டில் சைக்கிள்கள் வைத்தது வைத்தபடி நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் தேடி நிற்பது போலத்தான் தெரியும். கிட்டே போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்றில் செயின் துருவேறி இறுகிக் கிடக்கும். ஒன்றில் பின் டயரில் காற்று இருக்காது. ஒன்றில் பிரேக் கட்டை தேய்ந்து, பிடித்தால் ரிம்மில் கிரீச்சென்று உரசுமே தவிர வண்டி நிற்காது. சீட்டை ஏற்றி இறக்கும் திருகு துருப்பிடித்து, ஆறடிப் பையனுக்கும் ஐந்தடிப் பெண்ணுக்கும் ஒரே உயரம். ஓடுகிற ஒன்றிரண்டு சைக்கிள்களை விடுதிக்காரர்கள் காலையிலேயே கொண்டுபோய்விடுகிறார்கள். சிலர் தங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு மாடிப்படிக்குக் கீழே ஒளித்தும் வைக்கிறார்கள். அது தப்புதான். ஆனால் ஓடுகிற சைக்கிள் மறுபடி கையில் கிடைக்காது என்று தெரிந்தால் மனிதர்கள் வேறென்ன செய்வார்கள்?

இது யாருடைய சோம்பேறித்தனமும் இல்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் காற்றும் மழையும் அப்படி. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கு அக்டோபருக்குப் பிறகு வரும் வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. நமக்கு ஜூனிலேயே தென்மேற்கு தொடங்கிவிடும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி வந்துவிடும். மழை இல்லாத நாளில் கடற்காற்று. இந்தச் சின்ன மாவட்டத்தில் கடலிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கும் இடம் என்று எதைச் சொல்ல முடியும்? கோயம்புத்தூரில் ஒரு செயினுக்கு மாதம் ஒருமுறை எண்ணெய் போட்டால் போதும் என்றால், இங்கே வாரம் ஒருமுறை போட வேண்டியிருக்கும். திட்டம் தொடங்கியபோது வாங்கிய சைக்கிள்களுக்குக் கூரை இல்லாத ஸ்டாண்டைக் கொடுத்தோம். ரிப்பன் வெட்டிய நாளில் அவை பளபளப்பாகத்தான் இருந்தன. அதற்கு அப்புறம் எண்ணெய்க் கேனோடு யாரும் அந்தப் பக்கம் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பொது சைக்கிள் என்றவுடன் நாம் வெளிநாட்டையே நினைக்கிறோம். நம் தெருக்களில் இது பல காலம் நடந்த தொழில். மணி வாடகை சைக்கிள் கடைகளை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். மட்கார்டில் கடைப் பெயரும் ஒரு நம்பரும் பெயின்டில் எழுதியிருக்கும். நோட்டில் பெயரையும் எடுத்த நேரத்தையும் குறித்துக்கொண்டு வண்டியைத் தருவார்கள். திரும்பி வந்ததும் கடைக்காரர் முன் சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். கோட்டம் இருந்தால் அங்கேயே உட்கார்ந்து எடுப்பார். அடுத்த ஆள் வருவதற்குள் வண்டி தயார். எந்த நம்பர் சைக்கிளில் பெடல் லூஸ், எதில் வால் டியூப் கசியும் என்பது அவருக்கு அத்துப்படி. நோட்டு, நம்பர், அந்த மனிதர் என்ற மூன்றில் முதல் இரண்டை நாம் கணினியில் ஏற்றிவிட்டோம். மூன்றாவதை விட்டுவிட்டோம்.

வெளிநாட்டுக் கதையும் கிட்டத்தட்ட இதுவே. 1965-இல் ஆம்ஸ்டர்டாமில் புரோவோ என்ற இளைஞர் குழு சில சைக்கிள்களுக்கு வெள்ளை அடித்து, பூட்டே போடாமல் தெருவில் விட்டது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், போன இடத்தில் விடலாம். பூட்டாத சைக்கிளைத் தெருவில் விடுவது அங்கே சட்டப்படி குற்றம் என்று சொல்லி போலீஸ் அள்ளிக்கொண்டு போய்விட்டது. 1995-இல் கோபன்ஹேகனில் 20 குரோனர் நாணயம் போட்டால் பூட்டுத் திறக்கும், திருப்பி வைத்தால் நாணயம் திரும்ப வரும் என்று செய்தார்கள். யார் எடுத்தார் என்று நாணயத்துக்குத் தெரியாது; அதனால் களவும் போயின. இந்தச் சிக்கலுக்கு நல்ல விடை வந்தது ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து என்பதை நீங்கள் பெருமையோடு கவனிக்க வேண்டும். 1996-இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகம் மாணவர்களுக்குக் காந்த அட்டை கொடுத்தது. அட்டையை இழுத்தால் சைக்கிள் வரும், யார் எடுத்தார் என்பதும் பதிவாகும். பின்னால் பாரிஸ் வரைக்கும் போன பெரிய திட்டங்களுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

நம் நூலக அட்டையிலும் பார்கோடு இருக்கிறது. புத்தகம் வழங்கும் அதே மென்பொருளில் சைக்கிளுக்கும் ஒரு பதிவைத் திறந்துவிடலாம். இதற்குத் தனி ஆப் எதற்கு?

ஆப் கம்பெனிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சீனாவிலிருந்து வந்த ஓஃபோ, மஞ்சள் சைக்கிள்களை நம் நகரங்களில் இறக்கி, 2018-இலேயே இந்தியாவை விட்டுக் கிளம்பிவிட்டது. அந்த வகைச் சைக்கிளின் பூட்டு கம்பெனியின் சர்வரோடு பேசினால்தான் திறக்கும். சர்வர் நின்ற நாளில் நல்ல சைக்கிளும் பழைய இரும்பாகிவிடும். கம்பெனிக்கு லாபம் இல்லை என்றால் போய்விடும். அதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவர்கள் விட்டுப்போகும் இரும்பை யார் அள்ளுவது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மைசூரில் 2017-இல் 450 சைக்கிள்களோடு தொடங்கிய ‘டிரின் டிரின்’ திட்டம் வேறு வழியில் போனது. நிலையான நிறுத்துமிடங்கள், அட்டை, பின்னால் மாநகராட்சி. பொறுப்பு யாருடையது என்பது அங்கே தெளிவாக இருந்தது.

சரி, மெக்கானிக் வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த சிக்கல் நம் நிலம். நாஞ்சில் நாட்டு வயல்வெளியைப் போலச் சமதளமில்லை நம் வளாகம். மெயின் கேட் பள்ளத்தில், துறைக் கட்டடங்கள் மேட்டில். காலையில் வடசேரியிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் மேலே ஏற வேண்டும். மாலையில் இறங்க வேண்டும். இறங்கும்போது எல்லோருக்கும் சைக்கிள் ஆசை வரும். ஏறும்போது சவட்டிக்கொண்டு வர யாருக்கு மனம் வரும்? அதனால் சாயங்காலம் ஓடுகிற எல்லா வண்டியும் கீழே கேட் பக்கம் குவிந்துவிடும். மறுநாள் காலையில் கேட் ஸ்டாண்ட் நிறைந்து வழிய, மேலே ஒன்றுகூட இருக்காது. மதியம் துறைக்கும் நூலகத்துக்கும் இடையே போக நினைப்பவருக்கு நடைதான்.

இதே தலைவலி பாரிஸுக்கும் இருந்தது. மேட்டிலுள்ள நிலையங்கள் எப்போதும் காலி. அங்கே கொண்டுபோய் விடுகிறவர்களுக்குக் கூடுதலாக 15 நிமிடம் இலவச நேரம் என்று அறிவித்தார்கள். நமக்கு நிமிடக் கணக்கு வேண்டாம். கேட்டிலிருந்து மேலே கொண்டு வைக்கிறவருக்கு உணவகத்தில் ஒரு சாயா டோக்கன் கொடுத்துப் பாருங்கள். ஹாஸ்டல் பையன்கள் போட்டி போட்டு ஏற்றுவார்கள். அதிலும் மிஞ்சுவதை எஸ்டேட் அலுவலகத்தின் மினி லாரி காலையில் தண்ணீர் கேன் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது ஏற்றிப் போகலாம். டிரைவரிடம் பேசினேன். எழுத்தில் உத்தரவு வந்தால் செய்வதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை.

கியர் இல்லாத சைக்கிளில் அந்த ஏற்றத்தை எல்லோராலும் ஏற முடியாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். எதிர்காலத்தில் புது சைக்கிள் வாங்கும் நாள் வந்தால், மூன்று கியராவது உள்ளதாக வாங்குங்கள். கூடவே குறுக்குக் கம்பி இல்லாததாக வாங்குங்கள். ‘லேடீஸ் சைக்கிள்’ என்று ஒதுக்க வேண்டியதில்லை. குறுக்குக் கம்பி இல்லாத வண்டியில் வேட்டி கட்டிய பேராசிரியரும் ஏறலாம். இப்போது இருப்பவற்றில் பெரும்பாலானவை கம்பி வைத்தவை. செயின் கவர் உடைந்தவை. சேலை கார்டு கழன்றவை. ஒருமுறை துப்பட்டா பின் சக்கரத்தில் மாட்டினால் அந்தப் பெண் மறுபடி பொது சைக்கிளைத் தொட மாட்டாள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அங்கே லேடீஸ் சைக்கிளுக்காகக் காத்திருக்காமல் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறிப் பழகியவர்களும் உண்டு. அவ்வளவு தைரியத்தை ஒரு முதலாண்டு மாணவியிடம் நாம் ஏன் கேட்க வேண்டும்? 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டுக்கே முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. ஒரு செயின் கவர் மாட்ட முடியாதா?

மாணவியர் விடுதி ஸ்டாண்ட் விடுதிக் கேட்டுக்கு உள்ளே இருக்கிறது. கேட் மூடியதும் அந்த சைக்கிள்களும் உள்ளே அடைபட்டுவிடுகின்றன. ஸ்டாண்டை நாலு எட்டு வெளியே தள்ளி வையுங்கள். இதற்குக் குழு எதுவும் தேவையில்லை.

இப்போது ஒரு கசப்பான விஷயம். இந்தத் திட்டத்தில் சேர மாணவர் எண்ணோ, நிரந்தரப் பணியாளர் எண்ணோ வேண்டும். தூய்மைப் பணியாளர்கள், தோட்ட வேலை செய்கிறவர்கள், உணவகத்து ஆட்கள் எல்லோரும் ஒப்பந்தப் பணியாளர்கள். அவர்களிடம் அந்த எண் இல்லை. வளாகத்தில் அதிக தூரம் நடப்பவர்கள் அவர்கள்தான். துடைப்பத்தையும் வாளியையும் சுமந்துகொண்டு ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏறி இறங்குகிறார்கள். ‘அனைவருக்குமான பசுமைப் போக்குவரத்து’ என்று பேனர் வைத்துவிட்டு அவர்களை விட்டது சரியில்லை. அவர்களுக்கு ஒரு அட்டை, கேரியரில் ஒரு கூடை. முதலில் இதைச் செய்யுங்கள் என்றே கேட்பேன்.

அபராதத்துக்கு வருகிறேன். சைக்கிள் பழுதானால் கடைசியாக எடுத்தவர் தலையில் கட்டுகிறது நம் விதி. கேட்க நியாயம் மாதிரித் தெரியும். நடப்பது என்னவென்றால், பழுதைக் கண்ட யாரும் வாயைத் திறப்பதில்லை. ஏற்கெனவே தேய்ந்த பிரேக் கேபிள் என் கையில் அறுந்தால் நான் ஏன் போய்ச் சொல்ல வேண்டும்? சத்தம் போடாமல் ஸ்டாண்டில் சாய்த்து வைத்துவிட்டு நடையைக் கட்டுவேன். அடுத்து எடுப்பவர் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதுதான் விஷயம் தெரியும். பழுதைச் சொல்கிறவருக்கு அபராதம் இல்லை என்று ஒரு வரி சுற்றறிக்கை விட்டாலே பாதிச் சிக்கல் தீரும். பாரிஸ்காரர்களிடம் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. ஓடாத சைக்கிள் என்றால் சீட்டைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துவிடுவார்கள். அடுத்து வருகிறவர் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்வார், மெக்கானிக்கும் தேட வேண்டியதில்லை. காசு செலவில்லை. சீட்டுத் திருகு மட்டும் திரும்ப வேண்டும். அதற்கும் எண்ணெய்தான் மருந்து.

முன்பணத்தையும் எடுத்துவிடலாம். செமஸ்டர் கட்டணத்துக்கே வட்டிக்கு வாங்குகிற வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு, திரும்பக் கிடைக்கும் பணம் என்றாலும் அது இன்று கையிலிருந்து போகிற பணம். நூலகத்தில் புத்தகம் தொலைந்தால் தேர்வுக்கு முன் நோ டியூஸ் வாங்கும்போது பிடித்துக்கொள்கிறோம் இல்லையா? சைக்கிளுக்கும் அதுவே போதும்.

அந்த நோ டியூஸ் படிவத்தைப் பற்றி யோசித்தபோது வந்த இன்னொரு எண்ணம். இங்கே சேரும் பிள்ளைகளில் பலர் அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படித்தவர்கள். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி அவர்கள் வீட்டுத் திண்ணையில் துணி காயப்போட உதவிக்கொண்டிருக்கிறது. அதை இங்கே கொண்டுவர அனுமதியும், நிறுத்த இடமும், மெக்கானிக்கிடம் இலவச ஓவராயிலிங்கும் உண்டு என்று சேர்க்கையின்போதே சொன்னால் பலர் கொண்டுவருவார்கள். பொது சைக்கிள் மீதுள்ள நெருக்கடி குறையும். படிப்பு முடித்துப் போகும்போது வேண்டாம் என்று விட்டுப்போகிற சொந்த சைக்கிள்கள் விடுதிகளுக்குப் பின்னால் கொடி படர்ந்து கிடப்பதை எஸ்டேட் அலுவலர் பார்த்திருப்பார். ‘என் சைக்கிளைப் பொதுத் திட்டத்துக்குத் தருகிறேன்’ என்று நோ டியூஸ் படிவத்தில் ஒரு வரியும் ஒரு கட்டமும் சேர்த்தால் போதும். இரண்டு பழைய வண்டியிலிருந்து ஓடுகிற ஒன்றை உருவாக்குவது நல்ல மெக்கானிக்குக்கு ஒரு காலை நேர வேலை.

சாலையைப் பற்றிச் சுருக்கமாக. வேகத்தடைகளை ஓரம் முதல் ஓரம் வரை போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரு சைக்கிள் போகும் அளவு இடைவெளி விடச் சொல்லுங்கள். நூலகத்திலிருந்து மாணவியர் விடுதி வரைக்கும் விளக்குகள் பாதி எரிவதில்லை. பைக்குகள் வளாகத்துக்குள் பறக்கின்றன. சென்னை ஐஐடியில் மாணவர்கள் மோட்டார் வண்டி வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. அதனால்தான் அங்கே சைக்கிள் ராஜ்யம். அந்த அளவுக்கு நீங்கள் போவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. போனால் முதல் நாளே எனக்குத்தான் திட்டு விழும். பைக்குகளை கேட் பக்கத்துப் பார்க்கிங்கோடு நிறுத்தச் சொல்லலாம், அவ்வளவுதான்.

மெக்கானிக் எங்கே கிடைப்பார் என்று கேட்பீர்கள். கேட்டுக்கு வெளியே சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் இப்போது பஞ்சர் ஒட்ட வருவதெல்லாம் பைக்குகள். சைக்கிள் வேலை வருவது அரிது. கோட்டம் எடுக்கவும், பால்ரஸ் மாற்றவும், போக்ஸ் கம்பி கட்டவும் தெரிந்த கைகள் இந்த மாவட்டத்தில் ஒவ்வொரு வருடமும் குறைந்துகொண்டே வருகின்றன. அவரையோ அவரைப் போன்ற ஒருவரையோ எடுத்து, கூடவே இயந்திரவியல் துறை மாணவர்கள் இரண்டு பேரைப் பகுதி நேரமாகப் போடுங்கள். டெண்டர், பதவி உயர்வு, கல்வித் தகுதி என்று இழுத்தால் வேலை நடக்காது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கேட் ஸ்டாண்டை ஒட்டி ஒரு சின்ன ஷெட், ஒரு காற்றடிக்கும் கம்ப்ரசர், உதிரிப் பாகங்களுக்கு மாதாமாதம் கேள்வி கேட்காமல் செலவழிக்கக்கூடிய ஒரு சிறு தொகை. எல்லா ஸ்டாண்டுக்கும் தகரக் கூரை. புது சைக்கிள்களுக்கு ஒதுக்க நினைத்த பணத்தில் இதெல்லாம் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். முடியாது என்றால் அந்தக் கணக்கை எங்களுக்கும் காட்டுங்கள்.

இதற்காகக் குழு ஒன்று அமைப்பதாக இருந்தால், அதில் விடுதி மாணவி ஒருவரும், தூய்மைப் பணியாளர் ஒருவரும், சைக்கிள் கடை அண்ணாச்சியும் இருக்கட்டும். முதல் கூட்டத்தை ஏசி அறையில் வைக்காமல், வேலை நாள் ஒன்றில் காலை எட்டே முக்காலுக்கு மெயின் கேட் ஸ்டாண்டில் வையுங்கள். வருகிற உறுப்பினர்கள் ஆளுக்கொரு சைக்கிளை எடுத்து நிர்வாகக் கட்டடம் வரை ஏறி வரட்டும்.

இப்படிக்கு,
வளாகத்து ஆய்வு மாணவி ஒருத்தி